எங்கள் வீட்டுக்கு வந்த கடல்

மீன் தொட்டி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், சிறு வயதில் என் நானா ஹோர்லிக்ஸ் போத்தலில் வளர்த்த கப்பி மீன்கள்தான். இரண்டு சோற்றுப் பருக்கையும் ஒரு கோப்பைத் தண்ணீரும் போதும், அவை பாட்டுக்குப் பெருகும். அதனால் 2020ஆம் ஆண்டு ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த நாட்களில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த என் மூத்த மகன், "உம்மா, முன் ஹோலில் ஒரு கடல் தொட்டி வைப்போமா?" என்று கேட்டபோது, "அதுக்கென்ன மகன், வையுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டது என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். உப்புத் தண்ணீர். உள்ளே பாறைகள், பாறைகளின் மேல் பவளம், அவற்றுக்கிடையே மீன்கள். பவளம் என்றதும் எனக்கு நினைவு வந்தது உம்மாவின் நகைப் பெட்டியில் கிடந்த சிவப்பு மணிமாலை. மகன் சிரித்தான். "உம்மா, பவளம் எண்டது கல்லும் இல்ல, செடியும் இல்ல. உயிருள்ள பிராணி. அது கட்டிற வீடுதான் அந்தக் கல்லு" என்றான்.

முதலில் தொட்டியைத் தன் அறையில், மாடியில் வைக்கத்தான் அவனுக்கு ஆசை. எங்களுடைய மேசன் பாஸ் வந்து தாளைப் பார்த்தார். ஒரு பென்சிலை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டார். 24 கன அடி, ஏறத்தாழ 680 லீற்றர். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுப் பாரம். அதோடு தடித்த கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னுக்குக் குறையாது. "பதினைஞ்சு பேர் ராவும் பகலும் அசையாம ஒரே இடத்தில நிக்கிற மாதிரி, மாடி வேணாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே கீழே முன் ஹோலில், வெயில் நேரே படாத உட்சுவர் ஓரமாக இடம் குறித்தோம். இரும்பு மேசை உப்பில் துருப்பிடிக்கும் என்பதால் செங்கல் வைத்துக் கட்டி, மேலே கொங்கிரீட் தட்டு வார்த்தார். அதன் மேல் ரெஜிபோம் தகடு ஒன்றைப் பரப்பி, அதன் மேல்தான் கண்ணாடித் தொட்டி. மேசையின் அடியில் இன்னொரு சிறிய தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, அழுக்கு நீங்கி, பம்ப் மூலம் மறுபடி மேலே ஏற வேண்டும்.

இதுவரையில் எல்லாம் சுமுகம். பிரச்சினை பாறையில் வந்தது.

கடலோரத்துப் பொடியன் ஒருவன் மகனுக்கு அறிமுகமாயிருந்தான். முக்குளித்து மீன் பிடிப்பவன். "உயிர்ப் பவளத்தோட கல்லு வேணுமெண்டா ராவோட ராவாக் கொண்டுவந்து தாறன்" என்று சொல்லியிருக்கிறான். விலையும் பெரிதில்லை. மகன் இதை இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது, மேசையின் தலைப்பில் இருந்த என் வாப்பா பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அந்தக் கல்லு இந்த வீட்டுக்குள்ள வரப்படாது" என்றார்.

வாப்பா அதட்டிப் பேசும் மனிதரல்லர். அப்போது அவருக்கு 79 வயது. எல்லோரும் அடங்கிப் போனோம்.

வாப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இப்போது என் கணவர் நடத்தும் ஹார்ட்வெயார் கடை அவர் தொடங்கியது. ஆரம்பத்தில் அது சுண்ணாம்புக் கடைதான். காலிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சுண்ணாம்பு வேண்டும். அந்தச் சுண்ணாம்பு அம்பலாங்கொடை, ஹிக்கடுவைப் பக்கத்துச் சூளைகளிலிருந்து வந்தது. சூளையில் எரிந்தது பவளக் கல். கரையில் புதைந்து கிடந்ததையும் தோண்டினார்கள், கடலுக்குள்ளிருந்தும் உடைத்தார்கள். லொறி லொறியாக வந்து இறங்கிய அந்த வெள்ளைத் தூளில்தான் நாங்கள் படித்தோம், என் கலியாணமும் நடந்தது. 1988இல் கரையோரம் பேணல் சட்டத்தைத் திருத்திப் பவளக் கல் அகழ்வதைத் தடை செய்த பிறகு, வாப்பா சீமெந்துக்கு மாறினார்.

அன்றிரவு வாப்பா பேரனுக்குச் சொன்ன கதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரலியப் பக்கத்தில் அவருக்குச் சூளைக்காரச் சிங்களக் கூட்டாளி ஒருவர் இருந்தார். இருபது வருடப் பழக்கம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அந்தக் குடும்பத்தில் நால்வர் போய்விட்டார்கள். மாத்தறைக்குப் புறப்பட்ட ரயிலைக் கடல் புரட்டிப் போட்டதும் அந்தப் பெரலியவில்தான். மூன்றாம் நாள் அங்கே போன வாப்பாவிடம், அந்த மனிதர் கடலைக் காட்டி, "நாங்கதான் கதவைக் கழற்றி வித்தோம், முதலாளி" என்றாராம்.

பிறகு படித்தவர்களும் ஏறத்தாழ அதையே சொன்னார்கள். ஹரிந்திர பெர்னாண்டோ முதலிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பவளப் பாறைகள் அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை 10 மீற்றர் அளவில் எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் உள்ளே புகுந்ததாகவும், தெற்கே மூன்று கிலோமீற்றர் தள்ளி, பாறைகள் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அது இரண்டு மூன்று மீற்றர் அளவில் வந்து 50 மீற்றரோடு நின்றுவிட்டதாகவும் எழுதினார்கள். கடல் அன்று எத்தனையோ காரணங்களால் இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஆனால் வாப்பாவின் மனதில் இந்த ஒரு காரணம்தான் முள்ளாகத் தங்கிவிட்டது.

மகன் பொடியனுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டான். கடும் பவளங்கள் வனசீவராசிகள் சட்டத்தாலும் பாதுகாக்கப்பட்டவை என்பதைப் பிறகு அவனே தேடி அறிந்தான். பெரிய உருண்டைப் பவளம் ஒன்று வருடத்துக்கு ஒரு சென்றிமீற்றர் அளவில்தான் வளருமாம். ஒரு மீற்றர் உயரக் கல்லை உடைக்கிறவன், தன் மூத்தவாப்பா பிறக்க முன்னரே வளரத் தொடங்கியதை உடைக்கிறான்.

அப்படியானால் தொட்டிக்குக் கல் எங்கே? அதற்கும் வாப்பாதான் வழி சொன்னார். "கடையில சீமெந்து ஈக்கு, கரையில சிப்பி ஈக்கு, நாமளே வார்ப்போம்" என்றார். வெளிநாட்டிலும் இப்படிச் செய்கிறார்கள் என்று மகன் படித்துக் காட்டினான். சிப்பி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, நான் மிளகாய் இடிக்கும் உரலில் அல்ல, பழைய இரும்பு உரலில் இடித்தோம். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு சிப்பித் தூளும் கல்லுப்பும் கலந்து, ஈர மணலில் குழி தோண்டி ஊற்றினோம். கல் இறுகிய பின் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும். அந்த ஓட்டைகளில்தான் பிற்பாடு உயிர்கள் குடியேறும்.

ஆனால் புதுச் சீமெந்திலிருந்து காரம் இறங்கும். அது மீனைக் கொல்லும். ஆகவே கிணற்றடியில் இரண்டு பீப்பாய்களில் கற்களை ஊறப் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினோம். காரத்தின் அளவைக் காட்டும் தாளை நனைத்துப் பார்த்துப் பார்த்து, ஒன்பது கிழமை. வாப்பா ஒவ்வொரு காலையும் கைத்தடியோடு வந்து பீப்பாயை எட்டிப் பார்ப்பார், குழந்தையின் தொட்டிலைப் பார்ப்பது போல.

அடுத்தது தண்ணீர். சமையல் உப்பைக் கரைத்தால் கடலாகாது. கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் இருக்கின்றன, அவற்றில் கல்சியம், மக்னீசியம் போன்றவையும் சேர்த்தி. பவளம் வீடு கட்டுவது அந்தக் கல்சியத்தைக் கொண்டுதான். கரையோரத் தண்ணீர் அழுக்கு. அதனால் தென்மேற்குப் பருவக் காற்று ஓய்ந்து கடல் தெளிந்திருந்த டிசம்பர் மாதத்தில், தெரிந்த மீனவர் ஒருவர் தன் படகில் வெளிக்கடலிலிருந்து 25 லீற்றர்க் கேன்களில் கொண்டுவந்து தந்தார். இருபத்தாறு கேன்கள். முன் ஹோலில் விரித்திருந்த பாயெல்லாம் உப்பு.

தொட்டி நிறைந்தது. மீன் விடலாம் என்று சின்ன மகள் துள்ளினாள். மகன் என்னிடம் வந்து, "உம்மா, ஒரு இறால் தாங்க" என்றான். கறிக்கு வைத்திருந்ததில் ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் போட்டுவிட்டான். அது அழுக வேண்டுமாம்!

இதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர் அதைத் தின்று நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். வேறொரு நுண்ணுயிர் அதைத் தின்று, அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்று ஆக்கும். இந்த வேலைக்காரர்கள் கல்லிலும் மணலிலும் வந்து குடியேறும்வரை மீன் விட்டால், தன் கழிவிலேயே அது செத்துவிடும். இறால் அழுகியது அவர்களுக்கு முதல் சாப்பாடு. சோதனைக் குழாயில் மகன் தினமும் பார்த்தான். அமோனியா ஏறியது, பின் இறங்கியது. நைத்திரைற்று ஏறியது, பின் இறங்கியது. இரண்டும் பூச்சியமாக 38 நாட்கள் ஆயின. வெறும் தண்ணீரையும் சீமெந்துக் கல்லையும் காட்டி வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பாசி மேயும் நத்தைகள், பிறகு தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் சோடி ஒன்று, ஒரு நீலக் குட்டி மீன், மீன்களின் மேல் ஏறிச் சுத்தம் செய்யும் இரண்டு இறால்கள். தெஹிவளையில் பல வருடமாகத் தொட்டி வைத்திருப்பவர் ஒருவர், தன் தொட்டியில் பெருகிய காளான் போன்ற மெல்லிய பவள இனத்திலிருந்து ஆறு துண்டுகளைப் பிரித்துத் தந்தார். கல் வீடு கட்டாத இனம், ஆனால் அதுவும் உயிர்தான். வெளிச்சம் வந்தால் விரியும், விளக்கணைந்தால் சுருங்கும். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்து வீட்டுக்காரனுக்கும் ஊட்டுகிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் அந்த உறவு அறுந்து, பாசியை இழந்த பவளம் வெளிறிவிடும். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவைப் பவளங்கள் வெளிறி, பெரும்பகுதி செத்தது அப்படித்தான்.

எங்கள் தொட்டியும் சூடாகும். குளிரூட்டும் கருவி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மேசை மின்விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேல் வீசவிட்டோம். ஆவியாகும்போது சூடு குறையும். ஆனால் தண்ணீர் போகும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதனால் தினமும் குறைந்த அளவுக்கு வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. கறி வற்றினால் உப்பு ஏறுவது எங்களுக்குத் தெரியாததா?

என் பிழையொன்றையும் சொல்ல வேண்டும். டெங்கு பரவிய ஒரு மாலையில், ஹோலில் நுளம்பு மருந்து அடித்தேன். விடியுமுன் இறால்கள் இரண்டும் செத்துக் கிடந்தன. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும் என்று யோசிக்கவில்லை. மகன் ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்துப் போட்டான். அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

2022 வந்தது. எரிவாயு வரிசை, பால்மா வரிசை, டீசல் வரிசை. கூடவே மின்வெட்டு. எதிர்வீட்டு மாமி ஒரு நாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "மனிசருக்கே கரண்ட் இல்லாத காலத்தில மீனுக்கு மாளிகையா?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மார்ச் 31ஆம் திகதி பகுதி பகுதியாக 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. நோன்புக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தன. விறகடுப்பின் புகை கண்ணில் ஏறியிருந்த கோபத்தில், "இதக் கொண்டுபோய்க் கடல்லயே கொட்டு!" என்று மகனிடம் கத்திவிட்டேன்.

"ஏலாது உம்மா. தொட்டியில வளர்ந்தத கடல்ல விட்டா, அங்க இல்லாத நோயையும் சேர்த்து விட்டதாப் போகும்" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

பம்ப் நின்றால் தண்ணீரில் காற்றுக் கலப்பது நின்றுவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் பிராணவாயு தங்குவதும் குறையும். பெட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது. அன்று இரவு அதுவும் ஓய்ந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டோர்ச் வெளிச்சத்தில் அதைப் பார்க்க முடியவில்லை.

அப்போது வாப்பா கதிரையை இழுத்துத் தொட்டியருகே போட்டார். பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினார். மறுபடி மொண்டார், ஊற்றினார். இஞ்சிப் பிளேன்ரீயை ஆற்றுவது போல. "இப்படித்தானே அலை செய்யுது" என்றார்.

முறை வைத்துக்கொண்டோம். மகன், நான், மகள், என் கணவர், மறுபடி வாப்பா. குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டோம். தீனி போடவில்லை. கை கடுத்துப்போன ஒரு நேரத்தில் வாப்பா சொன்னார்: "பாத்தியா மகள், அஞ்சு பேர் சேர்ந்து ஒரு தொட்டிக்குச் செய்ய ஏலாம இரிக்கிற வேலைய, கடல் கூலி கேக்காம எவ்வளவு காலமாச் செஞ்சிருக்கு. நான் அதில ஏறி நிண்டு கல்லு வித்தன்." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜக்கை வாங்கி நான் ஊற்றினேன்.

மின்சாரம் வந்தபோது நீல மீன் செத்திருந்தது. பவளத் துண்டுகளில் இரண்டு கரைந்து போயின. மற்றவை பிழைத்தன. எதிர்வீட்டு மாமிக்கு மறுநாள் எங்கள் விறகில் ஒரு கட்டைக் கொடுத்தனுப்பினேன். அவர் வந்து தொட்டிக்கு முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் இப்படியொரு ஆசையோடு வந்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள். ஆனால் சில கேள்விகளைக் கேளுங்கள். தரை தாங்குமா? கரண்ட் நின்றால் மேல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கீழ்த் தொட்டி கொள்ளுமா? ஒரு முறை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாய் நனையும். பம்ப் ஓடாத இரவுக்கு என்ன ஏற்பாடு? மாதக் கரண்ட் பில்லை யார் கட்டுவது? பிள்ளை படிக்கப் போய்விட்டால் யார் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் முதல், உள்ளே வைக்கப்போகும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது? மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த விலையைக் கடல் கொடுத்திருக்கும்.

கடைசிக்கு முந்திய கேள்வியை நான் கேட்கவில்லை. மகன் பல்கலைக்கழகத்துக்கு, மலைநாட்டுக்குப் போய்விட்டான். இப்போது தொட்டி என் பொறுப்பு. காலையில் தேநீருக்கு முன் தண்ணீர் பார்க்கிறேன், இரவில் விளக்கணைக்கிறேன். நாங்கள் வார்த்த சீமெந்துக் கற்களில் சாம்பல் நிறமே இல்லை, எல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பாசி படிந்துவிட்டது. மிஞ்சிய நான்கு துண்டுகளும் பெருகி, மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம்.

வாப்பா 2023இல் மவுத்தானார். கடைசி மாதங்களில் அவருடைய கட்டிலை முன் ஹோலுக்கே கொண்டுவந்திருந்தோம். பகலில் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டார், தொட்டிப் பக்கம்தான் கிடப்பார். "இன்னொரு கல்லு வார்த்து வை மகள், அவங்களுக்கு இடம் போதாது" என்று ஒரு நாள் சொன்னார். சிப்பி இடித்து வைத்திருக்கிறேன். மகன் விடுமுறைக்கு வந்ததும் வார்க்க வேண்டும்.